ரயிலிலேயே வளர்ந்த சால்வை

தனலட்சுமி அக்கா என் பின்னலை வாங்கி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வண்டி மீனம்பாக்கத்தைத் தாண்டி வேகமெடுத்திருந்தது. காலை வெயில் மஞ்சள் கம்பளி நூலுக்குள் புகுந்து, நான் மறைக்க நினைத்ததையெல்லாம் பெட்டி முழுவதற்கும் காட்டிக் கொடுத்தது.

"இன்னாம்மா சீலி இது?"

"இலை அக்கா."

"இலையா? ஆடு மேஞ்சிட்டுப் போன மாதிரி கீதே!"

பெண்கள் பெட்டி சிரித்தது. கதவோரம் நின்று தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பின்னலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டபோது கண் கரித்தது.

அது வெறும் பின்னல் என்றால் நானும் அவர்களோடு வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அது என் அண்ணியின் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அண்ணிக்கு அப்படி ஒரு சால்வை உருவாகிக்கொண்டிருப்பதே தெரியாது.

ஊசிக் கூட்டம்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து டைப்பிஸ்ட் வேலை கிடைத்து வந்து, தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் பெட்டியை இறக்கியது வரை இந்தத் தொடரில் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். வேலை பாரிமுனையில். ஆகவே தினமும் தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை வரை மின்சார ரயில். என் இருபதுகளின் பெரும்பகுதியை நான் அந்தப் பெண்கள் பெட்டியில்தான் கழித்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

தாம்பரத்தில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். அதுதான் எங்கள் ஜமீன். ஈரத் தலையும் மல்லிகையும் தேங்காயெண்ணெயும், யாரோ ஒருத்தியின் டப்பாவிலிருந்து கசியும் வற்றக்குழம்பும் கலந்து ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் அடித்தால் நான் கைப்பையைத் தடவிச் சீசன் டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

எல்லார் கையிலும் ஒயர் கூடை. கூடையில் சாப்பாட்டு டப்பா, குடை, அதற்குப் பக்கத்தில் கம்பளி நூல் உருண்டையும் இரண்டு நீள ஊசியும்.

தாம்பரத்து வெயிலுக்குக் கம்பளியா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மார்கழிக் காலையில் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கமிருந்து வரும் பனியைக் கண்டு நடுங்காத தாய் அப்போது கிடையாது. பச்சைப்பிள்ளைக்குக் குல்லா, காலுறை, சால்வை மூன்றும் இல்லாமல் யாரும் வீட்டு வாசல் தாண்டமாட்டார்கள். அது போக, ஒருத்திக்குப் பெங்களூரில் மாமியார், ஒருத்திக்குப் பட்டாளத்தில் தம்பி, ஒருத்திக்கு மாதா கோயில் விற்பனைக்குக் கொடுக்க. காரணமே இல்லாதவர்களும் பின்னினார்கள். கடற்கரை வரை எவ்வளவு நேரம்தான் ஊர்க்கதை பேசுவது?

கூட்டத்துக்குத் தலைவி தனலட்சுமி அக்கா. பீர்க்கன்கரணையில் நிலபுலன் உள்ள குடும்பம். கோட்டையில் ஏதோ ஒரு சர்க்கார் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்த வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்த பெண் அவர். அதனால் எங்கள் எல்லாருக்கும் அவர்தான் நீதிபதி. இலைப் பின்னலுக்கான மாதிரியும் அவர் கொண்டு வந்ததுதான். யாரோ வெள்ளைக்காரர் வீட்டில் கழித்துப் போட்ட பத்திரிகையிலிருந்து கிழித்த தாள். நான் ஆபீஸில் மதிய இடைவேளையில் கார்பன் வைத்து எல்லாருக்கும் அதை டைப் அடித்துக் கொடுத்தேன்.

எல்லாருக்கும் இலை வந்தது. டைப் அடித்தவளுக்கு மட்டும் வரவில்லை.

எந்த மிஷன், எந்தக் கை

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும்.

நான் படித்தது ஜெர்மன் மிஷனரி அம்மாமார்கள் ஆரம்பித்த போர்டிங் பள்ளியில். அவர்கள் ஊரில் நூலை இடது கை ஆள்காட்டி விரலில் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். வலது கை ஊசி எட்டிப் போய் நூலைக் கொத்தி இழுத்து வரும். இங்கிலீஷ்காரர் மிஷன் பள்ளிகளிலோ நூல் வலது கையில். அந்தக் கை ஒவ்வொரு கண்ணிக்கும் நூலைத் தூக்கி ஊசிமேல் போடும்.

ஊசியில் வரிசையாக மாட்டிக்கொண்டு நிற்கும் வளையங்களைத்தான் கண்ணி என்கிறேன்.

ரயில் பெட்டியில் ஒரு பெண் ஊசியை எடுத்தால் போதும், அவள் எந்த மிஷனில் படித்தாள் என்று சொல்லிவிடலாம். மிஷனில் படிக்காதவர்களும் படித்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதால் எல்லாரும் வலது கைக் கட்சி. எதிர்க்கட்சியில் நான் ஒருத்தி மட்டும்.

சாதாரணப் பின்னலில் என் கை பேசும். கையை ஆட்டவே மாட்டேன், விரல் நுனிதான் அசையும். மாம்பலம் வருவதற்குள் அவர்களைவிட அரைச் சாண் முன்னால் போயிருப்பேன். "மெஷின் மாதிரி கீது" என்று தனலட்சுமி அக்காவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் இலை வேறு சங்கதி. அதற்கு இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். ஒரு ஓரத்தில் அந்தச் சேர்ப்பு வலப்பக்கம் சாயும், மறு ஓரத்தில் இடப்பக்கம் சாயும். இரண்டும் ஏறி மேலே ஒரு கூர்நுனியில் சந்திக்கும். என்னுடையதில் இரண்டு ஓரமும் ஒரே பக்கம் சாய்ந்தன. புயலில் சிக்கிய தென்னந்தோப்பு மாதிரி.

பிரித்துப் போட்டேன். மறுபடி போட்டேன். மறுபடி புயல்.

வீட்டுக்குள் வரக் கூடாத சால்வை

அண்ணன் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர். அண்ணி பெயர் கிருபை. நான் அந்த வீட்டுக்குப் போனபோது அண்ணி மாசமாக இருந்தார். அதற்கு முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டாவது முறை ஒரு குட்டி கவுன் தைத்து, கழுத்தோரம் பூ வேலையெல்லாம் செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம். அது அப்படியே பெட்டியிலேயே இருந்துவிட்டது.

இந்த முறை டாக்டர் நடமாடவே கூடாது என்று சொல்லியிருந்தார். அண்ணி படுத்தபடியே ஒரு சட்டம் போட்டார்.

"இந்த வீட்டுக்குள்ள பிள்ளைத்துணின்னு ஒரு நூல் வரக் கூடாது. பிள்ளை முதல்ல வரட்டும். துணி அப்புறம் வரட்டும்."

அண்ணன் கேட்டான்: "கிருபா, இது வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்கு?"

"வேதத்துல இல்ல. என் வயித்துல இருக்கு."

அண்ணன் வேதப் புத்தகத்தை மூடி வைத்தான்.

எனக்கோ ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. ஜெபம் அண்ணனின் இலாகா, அதை அவன் தெருவுக்கே கேட்கும்படி செய்தான். எனக்கு அப்படி வராது. ஒரு காரியத்தை நம்ப வேண்டுமென்றால் எனக்குக் கை வேலை செய்ய வேண்டும். பிள்ளை வரும் என்று என் விரல்களைக்கொண்டு நம்ப விரும்பினேன். ஆணோ பெண்ணோ தெரியாததால் எலுமிச்சம்பழ மஞ்சளில் நூல் வாங்கினேன்.

வீட்டுக்குள் வரக் கூடாது என்றால் சால்வை எங்கே தங்குவது? அதற்கு வழி சொன்னவள் பிலோமினா.

பிலோ பல்லாவரத்தில் ஏறுவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாளெல்லாம் முகம் தெரியாதவர்களிடம் "நம்பர் பிளீஸ்" என்று மெல்லிய குரலில் பேசிவிட்டு, மிச்சம் வைத்த சத்தத்தையெல்லாம் ரயிலில் கொட்டுவாள். என் வயதுதான். என் கதையைக் கேட்டதும் கூடையை நீட்டினாள்.

"இதுல போடு. எங்கூட்டுல தூங்கட்டும். காலைல இட்டாறேன்."

அப்படித்தான் அந்தச் சால்வை ராத்திரியெல்லாம் பல்லாவரத்தில் தூங்கி, காலையில் ரயிலேறி, கடற்கரை வரை வளர்ந்து, என் மேஜைக்கடியில் பகலைக் கழித்து, சாயங்காலம் வளர்ந்துகொண்டே பல்லாவரம் திரும்பியது. பிலோவுக்கு ஷிப்ட் மாறினால் அவள் தங்கை பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியாகக் கொடுப்பாள், வாங்குவாள். தாம்பரத்துக்கு அது வந்ததே இல்லை. குரோம்பேட்டையைக்கூடப் பார்த்ததில்லை.

வலது கைப் படலம்

இலை ஆடு மேய்ந்த அன்றைக்குத் தனலட்சுமி அக்கா தீர்ப்பு சொன்னார்.

"கோச்சுக்காத சீலி. பச்சப்புள்ளைக்குப் போடறது. பீச்சாங்கைல நூலை வெச்சிகினு போட்டா எப்பிடிம்மா உருப்படும்? கையை மாத்து."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இடது கையால் திருநீறு வாங்காதவர்கள், இடது கையால் ஒரு வெற்றிலையைக்கூட நீட்டாதவர்கள். "நான் பின்னுவது வலது கையால்தான் அக்கா, நூலைப் பிடிப்பது மட்டும்தான் இடது கை" என்று சொல்லிப் பார்த்தேன். "அதான் சொல்றேன்" என்றார்.

அண்ணிக்கு ஏற்கெனவே இரண்டு முறை போயிருக்கிறது. எனக்குள் ஒரு மூலையில் பயம் தட்டியது. படித்த பெண், தைரியசாலி என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தவள் மறுநாளே நூலை வலது கைக்கு மாற்றினேன்.

அடேயப்பா!

டைப்ரைட்டரில் பறக்கும் அதே விரல் கம்பளி நூலைக் கண்டதும் முருங்கைக்காய் மாதிரி விறைத்துக்கொண்டது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியை விட்டுவிட்டு நூலைத் தூக்க வேண்டியிருந்தது. ஊசி விழும். 'டிங்' என்று விழுந்து இருக்கைக்கடியில் உருளும். பெட்டியில் பாதிப் பேர் குனிந்து தேடுவார்கள்.

ஒரு நாள் கிண்டியில் நூல் உருண்டையே கதவு வழியாக இறங்கி பிளாட்பாரத்தில் ஓடியது. டிக்கெட் பரிசோதகர் ஒருவர் அதைப் பிடித்தார். மனிதர் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கலாம். நூலைச் சுற்றிக்கொண்டே, மிகுந்த பொறுப்போடு ஒவ்வோர் அடியாகப் பெட்டியை நோக்கி வந்தார். கார்டு விசில் ஊதிவிட்டார். "சார், சீக்கிரம் சுத்துங்க சார்!" என்று பிலோ கத்த, அவர் சுற்றுவதா ஓடுவதா என்று புரியாமல் இரண்டையும் செய்தார். உருண்டை கைக்கு வந்ததும் நான் சொன்ன தாங்க்ஸ் அவர் காதில் விழுந்திருக்காது.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். வலது கையில் போட்ட பகுதி கித்தான் சாக்கு மாதிரி விறைத்துக் கிடந்தது. மழை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சால்வை ஒரு முழம்கூட வளரவில்லை.

தனலட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குக் குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"குடுத்துடும்மா. புள்ள வர்றதுக்குள்ள நான் போட்டுத் தரேன். உன் பேரைச் சொல்லியே குடு. யார் கேக்கப் போறாங்க?"

அந்த அன்பைத் தட்டவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. யார் போட்டால் என்ன, பிள்ளைக்குச் சால்வைதானே என்று அறிவு சொன்னது. ஆனால் என் விரல்கள் நம்பிக்கொண்டிருந்ததைப் பாதியில் இன்னொருவர் கையில் கொடுத்தால் அந்த நம்பிக்கை அறுந்துவிடும் போலிருந்தது.

"நாளைக்குத் தரேன் அக்கா" என்றேன்.

சாயங்காலம் கூடையைப் பிலோவிடம் கொடுத்தபோது அவளிடம் மட்டும் சொன்னேன், நாளையோடு இது அக்காவுக்கு என்று. பிலோ எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனாள். அவள் எதுவும் சொல்லாமல் இறங்கியது அதுதான் முதல் தடவை.

முதுகைக் காட்டும் கண்ணிகள்

மறுநாள் பல்லாவரத்தில் வண்டி நிற்பதற்குள்ளேயே பிலோவின் குரல் ஏறிவிட்டது.

"ஏய் சீலி! எங்கடீ கீறே? வழி வுடுங்க, வழி வுடுங்க!"

இடித்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். கையில் சால்வை. வலது கைச் சாக்கையெல்லாம் பிரித்துப் போட்டு, நான் என் பழைய கையால் பின்னியிருந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"அந்தச் சாக்கைப் பிரிச்சிட்டு, உனக்கு ஒத்தாசையா ஒரு வரிசை போட்டு வெக்கலாம்னு நேத்து வூட்டுல எடுத்தேன். ஊசியே உள்ள போவல. எல்லாம் முறுக்கிகினு இறுக்கமா கீது. இன்னாடா இதுன்னு வெளக்குகிட்ட வெச்சிப் பார்த்தா..."

ஊசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"உன் கண்ணிங்க எல்லாம் முதுகைக் காட்டிகினு நிக்குதுடீ!"

எனக்குப் புரியவில்லை. அவள் பக்கத்திலிருந்த ஒருத்தியின் பின்னலைப் பிடுங்கி இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள்.

"பாரு. கண்ணின்றது குதிரை மேல ஒக்காந்த ஆளு மாதிரி. ஊசிக்கு இந்தப் பக்கம் ஒரு காலு, அந்தப் பக்கம் ஒரு காலு. எங்களுக்கெல்லாம் வலது காலு முன்னாடி கீது. உனக்கு இடது காலு முன்னாடி கீது. மொத்தக் கூட்டமும் திரும்பி ஒக்காந்துகினு கீது!"

நான் பார்த்தேன். இத்தனை வருடம் ஊசி பிடித்தவள், அன்றைக்குத்தான் என் கண்ணிகளின் முகத்தைப் பார்த்தேன்.

ஆமாம். எல்லாம் திரும்பி உட்கார்ந்திருந்தன.

ஏன் என்பது கிண்டி வருவதற்குள் எங்கள் இருவருக்கும் பிடிபட்டுவிட்டது. துணியின் பின்பக்க வரிசையில் நான் நூலைக் கீழிருந்து அள்ளிக்கொண்டிருந்தேன். அது சுலபம், வேகம். ஆனால் அதனால் கண்ணி திரும்பி உட்காரும். முன்பக்க வரிசையில் வழக்கமாகவே கண்ணியின் பின்காலில் ஊசியை விடுவேன். அதில் திருகல் நேராகிவிடும். ஒரு கோணலை இன்னொரு கோணல் சரிக்கட்டி, சாதாரணப் பின்னலில் வெளியே எதுவும் தெரியவில்லை. இலையில் இரண்டு கண்ணிகளைச் சேர்க்கும்போதுதான் குட்டு உடைந்தது. எந்தக் காலில் ஊசி நுழைகிறதோ அதைப் பொறுத்துத்தானே சாய்வு!

"அப்ப கையை மாத்த வேணாம்" என்றாள் பிலோ. "அள்றதை மட்டும் மாத்து."

நூலை மறுபடி இடது கை விரலில் சுற்றிக்கொண்டேன். வெளியூர் போய்த் திரும்பி வந்து சொந்தச் செருப்பை மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது.

ஆனால் நூலைக் கீழிருந்து அள்ளாமல் மேலிருந்து சுற்றுவது சுலபமாக வந்துவிடவில்லை. பின்பக்க வரிசையில் இடது ஆள்காட்டி விரல் ஒவ்வொரு கண்ணிக்கும் தலை குனிந்து, நூலை ஊசிக்கு மேலாக முன்னால் கொண்டுவந்து கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். கோழி தானியம் கொத்துகிற மாதிரி. விரல் ஒரு கணம் தாமதித்தால் நூல் நழுவிவிடும். அதிகம் அழுத்தினால் இறுகிவிடும். பழக்கம் வேறு விடுவதாக இல்லை. நாலு கண்ணி சரியாக வரும், ஐந்தாவதில் விரல் தானாகக் கீழே போய் அள்ளும். பிலோ என் விரலை ஒரு தட்டுத் தட்டுவாள்.

"மேல! மேலடீ!"

அந்த வாரம் முழுவதும் பெண்கள் பெட்டியில் இதே கோஷம்தான். நான் ஊசி எடுத்தால் எதிர்வரிசையில் முன்பின் தெரியாதவர்கள்கூட "மேல, மேல" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

நுங்கம்பாக்கத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவில் முதல் இலை வந்தது. வலது ஓரம் இடப்பக்கமும் இடது ஓரம் வலப்பக்கமும் சாய்ந்து ஏறி மேலே ஒரு நுனியில் சேர்ந்தன. நான் கத்திவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், தங்கச் சங்கிலிதான் போய்விட்டது என்று கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

தனலட்சுமி அக்கா கை நீட்டினார். ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நகத்தால் இலையின் ஓரத்தை மெல்ல வருடினார்.

"நுனி வந்துடுச்சே" என்றார். பிறகு, "நல்ல கைதாம்மா உனுது. எனக்குக் காட்டு, எப்பிடிப் பிடிக்கிறே?"

அன்றைக்கு எழும்பூர் முதல் கோட்டை வரை அக்கா நூலை இடது கையில் சுற்றிக்கொண்டு பட்ட பாட்டைப் பார்த்துப் பெட்டியே அழ அழச் சிரித்தது. அவர் ஊசி விழுந்து உருண்டபோது குனிந்து எடுத்துக் கொடுக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. "பேஜாரா கீதும்மா இந்த வேலை" என்று சொல்லி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

"சாருக்குப் பேச்சு வரல"

கார்த்திகை மழை. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் நாள் இருந்தது. சால்வையில் மேல் ஓரத்தைக் கட்டி முடிப்பது மட்டும் பாக்கி.

மத்தியானம் ஆபீஸ் டெலிபோனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எடுத்தால் அண்ணன். "சீலி..." என்றான். மறுபடி "சீலி..." என்றான். பிறகு குரலே இல்லை. மழை இரைச்சல் மட்டும் கேட்டது.

ரிசீவர் கை மாறும் சத்தம். வேறு ஒரு குரல், அண்ணன் டெலிபோன் பண்ணப் போயிருந்த கடையின் முதலாளி.

"ஏம்மா, பயந்துக்காத. பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. சாருக்குப் பேச்சு வரல, அவ்ளோதான். அழுதுகினு கீறாரு."

நான் ரிசீவரை வைத்துவிட்டு டைப்ரைட்டரின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எழுத்தெல்லாம் சேர்ந்து காகிதத்தில் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டன.

அன்று சாயங்கால வண்டியில் நான் சொல்லும் முன்பே என் முகத்தைப் பார்த்துப் பெட்டி தெரிந்துகொண்டது. "இன்னா கொழந்தை?" "யாரு மாதிரி கீதாம்?" நான் இன்னும் பார்க்கவே இல்லை என்றால் யார் கேட்கிறார்கள்!

"கேள்வி அப்புறம்" என்றார் தனலட்சுமி அக்கா. "தாம்பரம் வர்றதுக்குள்ள முடிக்கணும். ஒக்காரு."

நான் மேல் ஓரத்தைக் கட்டிக்கொண்டே வந்தேன். ஆரம்பித்த ஓரத்தை அக்கா தன் மடியில் போட்டுக்கொண்டு, தொங்கிய நூல் முனைகளையெல்லாம் தையல் ஊசியால் உள்ளே செருகினார். ஒரே சால்வையின் இரண்டு கரையில் இரண்டு பேர். நடுப்பகுதியில் மழைச் சாரல் படாமல் பிலோ ஜன்னலுக்குக் குறுக்கே குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

பரங்கிமலை தாண்டியது. பாதிகூட முடியவில்லை. மீனம்பாக்கத்துக்கு முன்னால் வண்டி சிக்னலுக்காக நின்றது.

சாதாரண நாளில் அந்த இடத்தில் நின்றால் ரயில்வேயின் ஏழு தலைமுறையும் திட்டு வாங்கும். அன்றைக்குப் பெட்டியில் ஒரு பெண்மணி கைகூப்பி, "இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வெய்யிப்பா முருகா" என்றார். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். வண்டி நகரவே இல்லை. மழை கொட்டியது. என் விரல் ஓடியது. கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து முடிச்சுப் போட்டபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. கைதட்டல் பக்கத்து ஆண்கள் பெட்டிக்கே கேட்டிருக்கும்.

பல்லாவரம் வந்தது. பிலோ இறங்கவில்லை.

"உன் ஸ்டேஷன்டீ" என்றேன்.

"இத்தினி நாளு எங்கூட்டுல தூங்கிகினு இருந்துச்சு. அது போய்ச் சேர்ற எடத்தை நான் பாக்க வாணாமா?"

அன்றைக்குத்தான் அந்தச் சால்வை முதன்முதலாகப் பல்லாவரத்தைத் தாண்டியது.

அண்ணியின் கேள்வி

பிரசவ ஆஸ்பத்திரியில் அண்ணி ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகம், யாரோ தூக்கத்தைக் கெடுத்துவிட்ட கோபத்தில் சுருங்கியிருந்தது.

"அண்ணி, ஒரு சாமான் கொண்டுவந்திருக்கேன். கோவிச்சுக்கக் கூடாது."

சால்வையை விரித்துக் காட்டினேன். அண்ணி ஓர் இலையைத் தொட்டார்.

"இதை எங்கே வெச்சிருந்தே?"

"ரயில்ல."

"ரயில்லயா?"

பிலோவே எல்லாவற்றையும் சொன்னாள். பல்லாவரத்தில் தூங்கியது, கிண்டியில் ஓடியது, கண்ணிகள் முதுகைக் காட்டியது, என் விரல் கோழி மாதிரி கொத்தியது, சிக்னலில் முருகனைக் கூப்பிட்டது. அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் வந்து அதட்டினாள்.

அப்புறம் அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"அப்போ, எனக்குப் பிள்ளை வரப்போகுதுன்னு அந்தப் பெட்டியில எல்லாருக்கும் தெரியுமா?"

அதற்குத்தான் நான் பயந்தேன். யாருக்கும் சொல்லக் கூடாது என்று வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வைத்தவர். "எல்லாருக்கும் தெரியும் அண்ணி" என்றேன்.

அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நனைந்து காதுப் பக்கம் வழிந்தது.

"நான் ஒருத்திதான் காத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன் சீலி" என்றார். "இத்தனை பேரா காத்துக்கிட்டு இருந்தீங்க?"

கடற்கரை வரை

பொங்கல் கழிந்த பிறகு ஒரு காலையில், நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அண்ணியும் சேலை மாற்றிக்கொண்டு நின்றார். பிள்ளை மஞ்சள் சால்வைக்குள்.

"நானும் வர்றேன். அந்த ரயிலைப் பார்க்கணும்."

அண்ணன் வேண்டாம், பனி, கூட்டம், என்று என்னென்னவோ சொன்னான். அண்ணி படியிறங்கிவிட்டார். எங்களை ஏற்றிவிட்ட அண்ணன், அதே வண்டி திரும்பி வரும்வரை பிளாட்பாரத்திலேயே காத்திருக்கப் போவதாக அறிவித்தான்.

பெட்டிக்குள் ஏறியதும் அண்ணி கொஞ்சம் தயங்கினார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. தனலட்சுமி அக்கா எழுந்து இடம் கொடுத்து, கையை நீட்டினார். மூன்றாவது முறையில் கிடைத்த பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட இன்னும் கொடுத்ததில்லை. அண்ணி ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையை அக்காவின் கையில் வைத்தார்.

அக்கா பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஒரு கையால் அதன் நெற்றியை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிச் சொடுக்கினார். படபடவென்று நெட்டி முறிந்தது. அங்கிருந்து பிள்ளை அடுத்த மடிக்குப் போனது. பல்லாவரத்தில் பிலோ ஏறிக் கொள்ளையடித்துக்கொண்டாள். சைதாப்பேட்டையில் எங்கோ நடுவரிசையில் இருந்தது. மாம்பலத்தில் கதவோரம் இருந்தது. நான் கழுத்தை நீட்டி நீட்டித் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணி தேடவில்லை. ஜன்னல் காற்றில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவளிடம் வற்றக்குழம்புக்கு என்ன சேர்த்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடற்கரை வந்தபோது பிள்ளை தூங்கிவிட்டது. எல்லாரும் ஒரு தடவை கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள். நானும் இறங்கி ஜன்னலருகே நின்றேன். பெட்டி காலியாகி, திரும்பிப் போகிறவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். எல்லாம் புது முகங்கள். அண்ணியைத் தனியே விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

"நான் லீவு போட்டுட்டு வரட்டுமா அண்ணி?"

"போடி, நேரமாச்சு. நான் போய்க்குவேன்."

நான் படிக்கட்டு வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அண்ணிக்கு எதிரில் வந்து உட்கார்ந்த யாரோ ஒரு பெண் குனிந்து பிள்ளையைப் பார்த்து ஏதோ கேட்டாள். அண்ணி சால்வையின் ஒரு முனையை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அந்தப் பெண் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வண்டி கிளம்பும் வரை அண்ணி அவளிடம் இடது ஆள்காட்டி விரலை வளைத்து வளைத்து எதையோ காட்டிக்கொண்டே இருந்தார்.